படப்பை தாண்டி 2.4 கிலோமீட்டர்: கையெழுத்துப் போடாத பத்தொன்பது பெண்கள்

ஏரி, மலை, கோயில், பறவை. இந்த வலைப்பூவில் இதுவரை நான் எழுதிய நாற்பத்துச் சொச்சம் பதிவுகளும் இந்த நாலுக்குள் அடங்கிவிடும். தாம்பரத்தில் அரசுப் பேருந்து பிடித்து, சுற்றிவிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்புகிற ஒருநாள் பயணங்கள். இந்த முறை போனது ஒரு கிராம சபைக் கூட்டத்துக்கு. "லீவு நாள்ல மீட்டிங்கா? கம்பெனியில பாக்கறது போதலியா உனக்கு?" என்று என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். மறைமலை நகரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை எனக்கு. மீட்டிங் என்றாலே எனக்கும் கொட்டாவி வரும் என்பது உண்மைதான்.

என்னை அங்கே இழுத்தவர் கன்னியம்மா. போன டிசம்பரில் படப்பைக்கு அப்பால் ஓர் ஏரிக்குக் கூழைக்கடா பார்க்கப் போய்விட்டுத் திரும்பும்போது, சாலையோரம் கூடையில் விரால் வைத்து விற்றுக்கொண்டிருந்தார். நாற்பத்து நாலு வயது இருளர் பெண். என் கழுத்தில் தொங்கிய பைனாகுலரைப் பார்த்து, "இன்னாத்துக்கு மேடம் அந்தக் குழாய்?" என்றார். பறவை பார்க்க ஊரப்பாக்கத்திலிருந்து வந்தேன் என்றேன். "கொக்கு பாக்கவா ஊரப்பாக்கத்துலேர்ந்து பஸ் ஏறி வந்தே?" என்று கேட்டுப் பக்கத்துக் கடைக்காரியையும் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார். மானம் போயிற்று. மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டே பேச்சுவாக்கில் தான் ஊராட்சி வார்டு மெம்பர் என்றார். ஒரு நொடி நான் நம்பவில்லை, அது என் முகத்திலும் தெரிந்துவிட்டது. அந்த ஒரு நொடிக்காக இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவருக்குக் கோபமில்லை. "குடியரசு தினத்துக்குக் கிராம சபை கீது. கொக்கப் பாத்தது போதும், வந்து எங்களப் பாரு" என்றார். அப்படித்தான் இந்தப் பயணம்.

ஜனவரி 26 காலை 6.42க்கு ஊரப்பாக்கத்தில் மின்சார ரயில். கட்டணம் 5 ரூபாய். விடுமுறை நாளில் ரயில்கள் குறைவு, ஒன்றைத் தவறவிட்டால் பேஜார். 6.57க்குத் தாம்பரம். மேற்குப் பக்கம் இறங்கி, படப்பை வழியாகப் போகும் சாதாரணப் பேருந்தில் 7.20க்கு ஏறினேன். பெண்களுக்கு இலவசம் என்பதால் என் செலவு பூஜ்யம். முடிச்சூர் தாண்டும் வரை நெரிசல் இல்லை என்றால் இதை வாசிக்கும் யாரும் நம்பப் போவதில்லை, ஆனால் அன்றைக்கு நிஜமாகவே இல்லை. 7.58க்குப் படப்பை. நாலு இட்லி, ஒரு வடை, ஒரு டீ: 62 ரூபாய். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் 20 ரூபாய், பதினெட்டு நிமிடம்.

ஆட்டோ ஓட்டுநரிடம் இருளர் குடியிருப்புக்கு வழி கேட்டேன். "நேரா பாத்தா கூப்புடு தூரம்கா. அதோ சுவரு தெரிதே, அதுக்குப் பின்னாடிதான்" என்று காட்டினார். புத்தம் புது காம்பவுண்டுச் சுவர், எட்டடி உயரம், மேலே மனை விற்பனைக் கொடிகள். கேட் எங்கே என்றேன். "கேட்டு அவுங்களுக்கு. உங்களுக்கு ஏரிக்கரை. இப்பிடியே சுத்திப் போங்க."

சுற்றினேன். கைப்பேசியில் அளந்தபடி நடந்தேன், அது என் வழக்கம். ஏரிக்கரை மேல் ஒன்றரை கிலோமீட்டர். நடுவில் கலங்கல், அதாவது ஏரி நிரம்பினால் உபரி நீர் வழிந்து ஓடும் இடம். ஜனவரியிலும் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினேன். பிறகு வரப்பு, பிறகு கருவேலங்காடு. மொத்தம் 2.4 கிலோமீட்டர், நாற்பத்தொரு நிமிடம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கலங்கல் தாண்டியதுமே அவர்களைப் பார்த்துவிட்டேன். ஏரியில் பதினைந்து இருபது பெண்கள், இடுப்பளவு தண்ணீரில், ஒரே வரிசையாகக் குனிந்து நகர்ந்துகொண்டிருந்தார்கள். தூண்டில் இல்லை, வலை இல்லை. கழுத்தில் ஒரு சின்ன ஓலைக்கூடை, அவ்வளவுதான். இரண்டு கையையும் சேற்றுக்குள் விட்டுத் துழாவியே மீன் பிடிக்கிறார்கள். ஒரு சத்தம் கிடையாது. ஒருத்தி கையில் மீன் அசைவு பட்டால் கத்துவதில்லை, பக்கத்தில் இருப்பவளை முழங்கையால் ஓர் இடி. அவள் அடுத்தவளை. வரிசை அப்படியே வளைந்து மூடுகிறது. என் பைனாகுலரை அன்றைக்கு எடுக்கவே இல்லை. கூழைக்கடா எல்லாம் இவர்களிடம் வந்து பாடம் கேட்கலாம்.

கன்னியம்மா கரையேறி வந்தார். "வந்துட்டியா! மெய்யாலுமே வந்துட்ட" என்று ஈரக்கையால் என் கன்னத்தைத் தட்டினார். சேறு ஒட்டியது. கூட்ட நாளிலும் மீன் பிடிப்பா என்றேன். "லீவு நாளு, நல்லா விக்கும். பதினோரு மணிக்குத்தானே கூட்டம்."

குடியிருப்பில் இருபத்து மூன்று வீடுகள். அவர் வீட்டு வாசலில் அவர் மகள் செல்வி உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். ஏழு மாதக் கர்ப்பம். நான் அந்த வயிற்றைப் பார்த்ததைக் கன்னியம்மா பார்த்தார். பிறகு ஒளிக்காமல் சொன்னார். போன மழைக்காலத்தில் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வலி எடுத்தது. 108 வண்டி வந்தது, சுவருக்கு அந்தப் பக்கம் நின்றது. கயிற்றுக் கட்டிலில் தூக்கிக்கொண்டு கலங்கலில் இறங்கினார்கள். தொடையளவு தண்ணீர். கரையிலேயே பிரசவம் ஆனது, குழந்தை தங்கவில்லை.

"அது எங்க பாதைம்மா. வண்டிப்பாதைனு ஊரு வரைபடத்துலயே கீது. பன்னண்டு அடி. அது மேல சுவரு கட்டிட்டாங்கோ. இவளுக்கு மாசம் நெருங்குது. இன்னிக்கு அது தீர்மானத்துல ஏறணும்" என்றார். ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துக் காட்டினார். தாலுகா ஆபீசுக்கு ஐந்து முறை நடந்து வாங்கிய கிராம வரைபட நகல்.

போன அக்டோபர் கிராம சபையிலும் இதற்காகத்தான் போயிருக்கிறார்கள். அங்கே ஒரு தப்பு நடந்துவிட்டது. பதிவேடு வந்ததும் எல்லாரும் வரிசையில் நின்று கைநாட்டு வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். "கைநாட்டு வெச்சா மனு குடுத்த மாதிரின்னு நெனச்சிட்டோம். முன்ன வேல செஞ்ச அரிசி ஆலையிலயும் அப்பிடித்தான், கையி வெச்சிட்டா வேல முடிஞ்சிது, போலாம். ஏரியில வேற அன்னிக்குத் தண்ணி நல்ல எறக்கம். இவுங்கள்லாம் ஓடிட்டாங்கோ" என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அவர்கள் வைத்தது வருகைக் கைநாட்டு. தீர்மானங்கள் அதற்குப் பிறகுதான் எழுதப்பட்டன, பாதை அதில் இல்லை. கன்னியம்மா மட்டும் மேடைப் பக்கம் நின்றிருக்கிறார். எழுதிவிட்டோம் என்று சொன்னதை நம்பி, நீட்டிய இடத்தில் அவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். சிரிப்பு நின்றுவிட்டது. "மெம்பரு நானே படிக்காம போட்டேன்" என்றார்.

பத்தரைக்குக் கிளம்பினோம். பத்தொன்பது பெண்கள், நான். குறுக்கே போனால் ஐந்து நிமிடம், ஆனால் மீண்டும் அதே கரை, அதே கலங்கல். துவைத்து உடுத்திய புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு பத்தொன்பது பேரும் தண்ணீரில் இறங்கினார்கள். கூட்டத்துக்குப் போகிற வழியே இப்படியா என்று எனக்கு ஆத்திரம். அவர்கள் என்னவோ என் நடையைப் பார்த்துக் கிண்டல் செய்துகொண்டு வந்தார்கள்.

ஊராட்சிப் பள்ளி மைதானம். ஷாமியானா, முன்னால் நாற்காலிகள், பின்னால் ஜமக்காளம். 11 மணிக் கூட்டம் 11.35க்குத் தொடங்கியது. இவர்கள் எப்போதும் கேட் ஓரமாகத் தரையில் உட்காருவார்களாம். அன்றைக்கு ஜமக்காளத்தின் முன் விளிம்பில், நாற்காலிகளுக்கு நேர் பின்னால், ஒரே வரிசையாக உட்கார்ந்தார்கள். கன்னியம்மா நடுவில். மெம்பர்களுக்கான நாற்காலியில் அவர் உட்காரவில்லை. நான் வெளியூர்க்காரி, ஓட்டு இல்லை, அதனால் பள்ளிச் சுவர் ஓரமாக நின்றேன்.

வருகைப் பதிவேடு சுற்றி வந்தது. நாற்காலிகள் எல்லாம் போட்டாயிற்று. வரிசையின் முதல் பெண் கைக்கு வந்தது. அவள் வாங்கினாள், பிரிக்கவில்லை. பக்கத்துப் பெண்ணை முழங்கையால் ஓர் இடி இடித்துவிட்டுப் புத்தகத்தை நகர்த்தினாள். அவள் அடுத்தவளை இடித்தாள். எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. ஏரியில் பார்த்த அதே வரிசை! பத்தொன்பது பேர் கையைத் தாண்டிப் புத்தகம் அப்படியே திரும்பி மேசைக்குப் போனது.

ஊராட்சிச் செயலர் எண்ணிப் பார்த்தார். மறுபடி எண்ணினார். கிராம சபை என்றால் இத்தனை பேர் கையெழுத்து இருக்க வேண்டும் என்று விதி, இல்லாவிட்டால் கூட்டமே செல்லாது. பதினான்கு பேர் குறைவு. "ஏம்மா, போடலியா நீங்க?" என்றார் மைக்கில்.

கன்னியம்மா எழுந்தார். "போடுவோம் சார். பாதைத் தீர்மானம் எழுதுங்க, அதப் படிக்கணும், அப்பால போடுவோம். எல்லாரும் இங்கதான் கீறோம், எங்கயும் போவல."

முன்வரிசையில் வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் திரும்பினார். அந்தப் பக்கத்து நிலத்தை மனைக்கு விற்ற பழைய ஊர்க்காரர்களில் ஒருவராம். "பட்டா நிலத்துல எங்கம்மா பாதை? பேசறதுக்கு ஒரு இது வேணாமா?" என்றார். கன்னியம்மா வரைபடத்தை எடுத்துக்கொண்டு போய் மேசையில் விரித்தார். "இதோ புள்ளிபுள்ளியா போவுதே, இது இன்னான்னு நீயே சொல்லு நைனா." அவர் குனிந்து பார்த்தார். ஊராட்சித் தலைவர் பார்த்தார், செயலர் பார்த்தார். எல்லாருக்கும் தெரிந்த பாதைதான், மாட்டு வண்டி ஓட்டிப் போனவர்கள்தானே. "எழுதுய்யா" என்றார் தலைவர்.

செயலர் தீர்மானப் புத்தகத்தில் எழுதினார். ஐந்து நிமிடம். "எழுதியாச்சும்மா, வந்து போடுங்க."

கன்னியம்மா நகரவில்லை. "புக்கக் குடு சார். படிக்கிறேன்."

நாற்காலிகளில் ஒரு சலசலப்பு. சும்மா இருக்க முடியாமல் நான் இரண்டடி முன்னால் போய், "அக்கா, நான் படிச்சுச் சொல்லட்டுமா?" என்றேன். நல்லெண்ணம்தான். ஆனால் நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டிய நல்லெண்ணம்.

"வேணாம்மா. நீ படிச்சா நீ சொல்றத நான் நம்பணும். நம்பித்தானே ஒருக்கா ஏமாந்தேன்" என்றார்.

படித்தார். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். கன்னியம்மா பள்ளிக்கூடம் போனவர் இல்லை. கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும், மெம்பர் ஆன பிறகு கற்றது. அக்டோபரில் அந்தத் தப்பு நடந்த மறுநாளிலிருந்து படிக்கவும் கற்றுக்கொள்ளத் தொடங்கியிருக்கிறார், மீன் விற்கும் இடத்தில், பேருந்துப் பலகைகளைப் பார்த்து. எது தாம்பரம் பேருந்து என்று வண்டியை வைத்தே அவருக்குத் தெரியும். அதனால் பலகையில் உள்ளது தாம்பரம்தான், முதல் எழுத்து தா. அப்படியே ஒவ்வோர் ஊராகப் பிடித்திருக்கிறார். மீதியைச் செல்வி சொல்லிக்கொடுத்திருக்கிறாள். நாற்பது வருடமாக நானும் அந்தப் பலகைகளைப் பார்க்கிறேன், அதில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

விரலை வைத்து, எழுத்தெழுத்தாக, மைக் முன்னால். "ஊ... ராட்... சிக்... கு... உட்... பட்ட..." ஒரு வார்த்தை முடிந்ததும் நின்று மூச்சு வாங்குவார். நாலு வரிகள். எத்தனை நேரம் என்று நினைக்கிறீர்கள்? கடிகாரம் பார்த்தேன், ஒன்பது நிமிடம். முதல் நிமிடத்தில் ஒருவர் சிரித்தார். இரண்டாவது நிமிடத்தில் அவரே நிறுத்திக்கொண்டார். அதன் பிறகு இருநூறு பேர் உட்கார்ந்த மைதானத்தில் அவர் குரல் மட்டும்தான். வரிசையில் இருந்த பதினெட்டுப் பெண்களின் உதடுகளும் கூடவே அசைந்தன. என் கண்ணில் தண்ணீர் வந்தது, துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

முடித்துவிட்டு நிமிர்ந்தார். "ஊராட்சிக்கு உட்பட்ட பாதைகள் சீரமைக்கப்படும்னு கீது. எங்க பேரு எங்க சார்?"

"எல்லாப் பாதையும்னா அதுல உங்களுதும் வந்துடுமேம்மா" என்றார் செயலர். கெட்ட மனிதராகத் தெரியவில்லை. வேலை முடிந்தால் போதும் என்கிற ஆள். என்னைப் போல.

"வராது சார். பஸ்சு போர்டுல எல்லா ஊருக்கும் போவும்னு எழுதினா எவன் ஏறுவான்? எந்த ஊருனு எழுதுங்க. எங்க காலனி பேரு எழுதுங்க. பன்னண்டு அடினு எழுதுங்க. சுவர எடுக்கணும்னு எழுதுங்க."

அந்த வெள்ளை வேட்டிக்காரர்தான் முதலில் சிரித்தார், கிண்டல் சிரிப்பு இல்லை, நல்ல சிரிப்பு. "அது சரிதானேய்யா, எழுதேன்" என்றார். தலைவர் தலையாட்டினார். செயலர் அந்த நாலு வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். காலனி பேர், பன்னிரண்டு அடி, வரைபடத்தின் புல எண், ஆக்கிரமிப்புச் சுவரை அகற்ற வட்டாட்சியருக்குப் பரிந்துரை. கன்னியம்மா மறுபடி புத்தகத்தை வாங்கினார். மறுபடி முதலிலிருந்து. இந்த முறை பதினோரு நிமிடம், வரிகள் கூடுதல் அல்லவா. காலனியின் பேர் வந்த இடத்தில் மட்டும் நிறுத்தாமல் ஒரே மூச்சில் படித்தார். பிறகு வரிசையைப் பார்த்துக் கையைத் தூக்கினார். பதினெட்டுப் பேரும் எழுந்தார்கள். வருகைப் பதிவேட்டில் பன்னிரண்டு கைநாட்டு, ஏழு கையெழுத்து.

கூட்டம் 2.10க்கு முடிந்தது. பொட்டலம் போட்ட காராசேவும் டீயும் கொடுத்தார்கள். "இன்னா, கொக்கு மாதிரி நின்னுகினே இருந்தே?" என்று கன்னியம்மா என் முதுகில் ஒன்று வைத்தார். பதினாறு வருடமாகத் தரம் பார்க்கிறேன். ஒரு நாளைக்கு நாற்பது தாளிலாவது கையெழுத்துப் போடுகிறேன். எத்தனை தாளை முழுசாகப் படித்திருக்கிறேன் என்று அவர் முன்னால் நின்றுகொண்டு யோசிக்கவே கூச்சமாக இருந்தது. மறுநாள் கம்பெனியில் முதல் தாளைப் படித்துவிட்டுப் போட்டேன். சூப்பர்வைசர், "மேடம், உடம்பு சரியில்லையா?" என்றார்.

போக நினைப்பவர்களுக்குச் சில தகவல்கள். கிராம சபை குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி ஆகிய நாட்களில் கட்டாயம் கூடும், வேறு நாட்களிலும் கூடலாம். உங்கள் ஊரிலேயே என்றால் ஓட்டு இருக்கிற யாரும் பேசலாம், தீர்மானம் கேட்கலாம். வெளியூர் என்றால் தெரிந்தவர் அழைப்போடு போங்கள், ஓரமாக நில்லுங்கள், என்னைப் போல் முன்னால் பாயாதீர்கள். தண்ணீரும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள். சொன்ன நேரத்துக்குக் கூட்டம் தொடங்கும் என்று நம்ப வேண்டாம். படமெடுக்கும் முன் அனுமதி கேளுங்கள். ஊர் பேரை எழுத வேண்டாம் என்று கன்னியம்மா சொன்னதால் நான் எழுதவில்லை. படப்பையில் மீன் வாங்க வேண்டுமென்றால் காலை பத்து மணிக்குள் போங்கள். என் மொத்தச் செலவு, இரண்டு பக்கப் பயணமும் சேர்த்து 112 ரூபாய், மீன் தனி.

பின்சேர்க்கை: மேலே உள்ளதை ஜனவரியிலேயே எழுதி வெளியிட்டேன். இதை ஏப்ரலில் சேர்க்கிறேன். போன வாரம் கன்னியம்மா போன் செய்தார். "108 வண்டி வூட்டு வாசல்ல வந்து நின்னுச்சும்மா. வாசல்ல! செல்விக்குப் பொம்பளப் புள்ள. ரெண்டும் நல்லா கீது" என்று சொல்லிவிட்டு அழுதார், நானும் அழுதேன். ஞாயிற்றுக்கிழமை குழந்தையைப் பார்க்கப் போனேன். சுவரில் பன்னிரண்டு அடி அகலத்துக்கு இடித்து, இரண்டு பக்கமும் கல் நட்டிருக்கிறார்கள். வழக்கம் போல் அளந்தபடி நடந்தேன்.

ஆகவே இந்தப் பதிவில் ஒரு திருத்தம். சாலையிலிருந்து குடியிருப்புக்கு 2.4 கிலோமீட்டர் என்று எழுதியிருந்தேன், அதை அடித்துவிடுங்கள். 400 மீட்டர். நடக்க ஐந்து நிமிடம். செருப்பைக் கழற்ற வேண்டாம்.